பத்து பவுன் விலையில் ஒரு வைக்கோல் வீடு

இங்கிலாந்து போய்விட்டு வந்தவளிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அரண்மனை பார்த்தீங்களா? மெழுகு பொம்மை பார்த்தீங்களா?" பார்த்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஊர் திரும்பிய பிறகு, ராத்திரி கண்ணை மூடினால் என் முன்னால் வந்து நிற்பது அரண்மனை இல்லை. ஆற்றங்கரையில், ஒரு தோட்டத்துக்கு நடுவில், வைக்கோல் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு சின்ன வீடுதான்!

என் பெண்ணின் பிரசவத்துக்காக பிரைட்டன் போயிருந்தேன். கடலோர ஊர். மாப்பிள்ளைக்கு அங்கேதான் வேலை. குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது சம்பந்தி அம்மாவும் வந்து சேர்ந்தார். இரண்டே அறை உள்ள வீட்டில் இரண்டு பாட்டிகள், ஒரு பேரன், ஒரு தொட்டில், காயப்போட்ட துணிகள்! "மூச்சு விட இடமில்லையே அம்மா" என்று என் பெண் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லுவாள். சம்பந்தி அம்மா மட்டும் எதுவும் சொல்ல மாட்டார். ஊரில் அவர் ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்திய ஓட்டு வீட்டைப் போன வருஷம்தான் பிள்ளைகள் இடித்து, அடுக்கு மாடி கட்டக் கொடுத்திருந்தார்கள். அதைப் பற்றி அவர் பேசியதும் இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

மே மாதத்தில் வெயில் கொஞ்சம் தலைகாட்டியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்களைக் காரில் ஏற்றினார். "பக்கத்தில் ஆல்ஃபிரிஸ்டன்னு ஒரு கிராமம். அங்கே அறுநூறு வருஷத்துப் பழைய கூரை வீடு இருக்கு, பார்த்துட்டு வரலாம்" என்றார்.

"கூரை வீடு பார்க்கவா இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டுப் போகணும்?" என்றார் சம்பந்தி அம்மா. எனக்கும் அதே எண்ணம்தான். வாய் விட்டுச் சொல்லவில்லை.

தொப்பி போட்ட வீடு

ஆல்ஃபிரிஸ்டன், தெற்கு இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பகுதியில், கக்மியர் என்ற சிறிய ஆற்றின் கரையில் இருக்கிறது. சுற்றிலும் வழுவழுப்பான பச்சைக் குன்றுகள். புல்லைக் கொஞ்சம் சுரண்டினால் கீழே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கல்! பள்ளிக்கூடத்து சாக்பீஸ் மாதிரி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்கிறேன்.

குறுகலான கடைத்தெருவைத் தாண்டினால், 'டை' என்று அவர்கள் சொல்லுகிற ஊர்ப் புல்வெளி. அதன் நடுவில் கருங்கூழாங்கல் பதித்த பெரிய மாதா கோயில். கிராமத்தின் அளவுக்கு மிகப் பெரிசு என்பதால், 'குன்றுகளின் கதீட்ரல்' என்று செல்லமாகச் சொல்லுகிறார்கள். அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில்தான் நம்ம வீடு. பெயர் 'கிளர்ஜி ஹவுஸ்'. அதாவது பாதிரியார் வீடு. பிற்காலத்தில் கோயிலுக்குச் சொந்தமானதால் வந்த பெயர் அது. முதலில் ஓரளவு வசதியுள்ள ஒரு விவசாயிக்காகக் கட்டியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

முன்னால் நின்று பார்த்தால் சிரிப்பு வருகிறது. கூரை பாதி, வீடு பாதி! சுவரைப் போல இன்னொரு மடங்கு உயரத்துக்கு வைக்கோல் கூரை. நான்கு பக்கமும் சரிந்து இறங்குகிறது. சுவரில் கறுத்துப்போன மரச் சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவில் வெள்ளைப் பூச்சு. ஒரு கோடாவது நேராக இருக்க வேண்டுமே! எல்லாமே கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் வளைந்து, வயசான மனுஷி இடுப்பில் கை வைத்து நிற்பது போல நிற்கிறது.

உற்றுப் பார்த்தால் ஒரு கணக்கு புரிகிறது. கெண்ட், சஸ்ஸெக்ஸ் பகுதிகளில் பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் கட்டிய இந்த மாதிரி வீடுகளை 'வீல்டன்' வீடுகள் என்கிறார்கள். வீட்டை மூன்று பாகமாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கூடம். இரண்டு ஓரத்திலும் கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. மேல் அறைகள் முன்பக்கம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். நடுக் கூடத்துக்கு மேல் அறை கிடையாது என்பதால் அதன் சுவர் உள்ளடங்கி நிற்கும். ஆனால் கூரையின் விளிம்பு மட்டும் ஒரே நேர்கோடாக மூன்றையும் மூடிக்கொண்டு ஓடும். அறுநூறு வருஷத்தில் இந்த வீட்டில் கைவைத்து மாற்றாத தலைமுறை இல்லை. ஆனாலும் அந்தப் பழைய உருவம் இன்னும் தெரிகிறது.

ஆணி இல்லாத வீடு

வாசலில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி எங்களை வரவேற்றார். சம்பளம் வாங்காமல் வந்து உதவுகிறவராம். அவர் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

இந்த வீட்டுக்கு எலும்புக்கூடு ஓக் மரம். நாம் என்றால் மரத்தை வெட்டி, உலரப்போட்டு, பிறகுதான் கதவு செய்வோம். இவர்கள் பச்சை மரத்திலேயே வேலை செய்துவிடுவார்களாம்! ஓக் காய்ந்தால் இரும்பு மாதிரி, உளி இறங்காது. பச்சையாக இருக்கும்போதே ஒரு கட்டையில் துளை போட்டு, இன்னொரு கட்டையின் நுனியை நாக்கு மாதிரி செதுக்கி, துளைக்குள் செருகி, குறுக்கே ஓட்டை போட்டு, மர ஆணியை அடித்துவிடுவார்கள். சட்டம் முழுக்க இரும்பு ஆணிக்கு வேலையே இல்லை. வருஷம் போகப் போக மரம் காய்ந்து சுருங்கி, அந்த ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வளைவும் கோணலும் அப்படி வந்ததுதான். பலவீனம் என்று நினைக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். சட்டம் முழுவதையும் முதலில் தச்சர்கள் தங்கள் களத்தில் தரையிலேயே கிடத்திச் சேர்த்துப் பார்ப்பார்கள். எந்தக் கட்டை எந்தக் கட்டையோடு சேர வேண்டும் என்று ரோமன் எண் போலக் கோடு கிழித்து அடையாளம் போடுவார்கள். பிறகு பிரித்து வண்டியில் ஏற்றி, வீடு கட்டும் இடத்தில் நிமிர்த்துவார்கள். நம் பிள்ளைகள் அடுக்கி விளையாடுகிற கட்டைகள் மாதிரிதான். பழைய வீடுகளில் அந்தக் கோடுகளை இன்றைக்கும் தடவிப் பார்க்கலாம்.

சட்டங்களுக்கு நடுவில் சுவர் எப்படி? குச்சிகளை நிறுத்தி, அவற்றின் ஊடே வளையக்கூடிய கழிகளைப் பாய் முடைவது போல முடைந்து, மேலே களிமண், வைக்கோல், சாணம் மூன்றையும் மிதித்துக் குழைத்து அப்புவது. அதற்கு மேல் சுண்ணாம்பு. இந்தச் சுவர் மூச்சு விடும். மழை ஈரம் உள்ளே போனாலும் வெயிலில் வெளியே வந்துவிடும். சென்ற நூற்றாண்டில் சிலர் இப்படிப்பட்ட வீடுகளுக்கு, "நல்லா கெட்டியா இருக்கட்டும்" என்று சிமென்ட் பூசினார்கள். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கி, நூற்றாண்டுகளாக நின்ற ஓக் மரம் உளுத்துப்போனது. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நாம் செய்கிற கெடுதல் எத்தனை!

புகைக்காகக் கட்டிய கூடம்

உள்ளே நுழைந்ததும் தலை தானாக நிமிர்கிறது. தரையிலிருந்து கூரையின் உச்சி வரை ஒரே வெட்டவெளி. மேலே குறுக்கு உத்தரங்களும் கைமரங்களும் கூண்டு கட்டியது போல இருக்கின்றன. இவ்வளவு சின்ன வீட்டுக்கு இவ்வளவு உயரமான கூடம் எதற்கு? ஆடம்பரத்துக்கா?

இல்லை, புகைக்காக! அந்தக் காலத்தில் இந்த மாதிரி வீடுகளில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுவில், தரையிலேயே அடுப்பு. சமையலும் அதில்தான், குளிருக்கு நெருப்பும் அதுதான். புகை மேலே போய், கூரையின் உச்சியிலும் ஓரங்களிலும் இருக்கும் இடைவெளி வழியாக மெதுவாக வெளியேற வேண்டும். அது வரை மேலேயே மேகம் போலத் தங்கும். கீழே மனிதர்கள் தாழ்வான முக்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். கூடத்துக்கு மேல் மாடி போட முடியாததற்குக் காரணம் இதுதான். மாடி போட்டால் புகையில் யார் படுப்பது? பதினாறாம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி பரவலான பிறகுதான், பல வீடுகளில் கூடத்துக்கு நடுவே தளம் போட்டு மேலே அறை எடுத்தார்கள். அடுப்பு மூலைக்குப் போனது. வீட்டின் உருவமே மாறிவிட்டது. பழைய வீடுகளின் கூரை மரத்தில் கரி படிந்திருந்தால், அங்கே ஒரு காலத்தில் நடு அடுப்பு எரிந்தது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

"அப்போ பொம்பளைங்க எல்லாம் கண்ணைக் கசக்கிக்கிட்டேதான் சமைச்சிருப்பாங்க" என்றார் சம்பந்தி அம்மா. காலையிலிருந்து அவர் பேசிய இரண்டாவது வாக்கியம்.

ராத்திரி நெருப்பை என்ன செய்வார்கள்? அணைத்துவிட்டால் காலையில் மறுபடி மூட்டுவது பெரும்பாடு. எரியவிட்டால் வைக்கோல் கூரை. அதனால் தணலைக் குவித்து, மண்ணால் செய்த ஒரு பெரிய மூடியைக் கவிழ்ப்பார்கள். பிரெஞ்சு மொழியில் அதற்கு 'நெருப்பை மூடு' என்று அர்த்தம் வரும் பெயர். ஊர்க் கோயிலில் மணி அடித்தால் எல்லா வீட்டிலும் நெருப்பை மூட வேண்டும். அந்தச் சொல்தான் மருவி 'கர்ஃப்யூ' ஆனது! ஊரடங்கு உத்தரவு என்று செய்தியில் கேட்கிறோமே, அதன் ஆரம்பம் ஒரு குடும்பத் தலைவியின் ராத்திரி வேலை.

என் பெண் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, "தரையில் அடுப்பு இருந்தா தவழற குழந்தையை எப்படிப் பார்த்துப்பாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தக் கால இங்கிலாந்தில் எதிர்பாராத சாவுகளை விசாரித்து எழுதிய பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. தொட்டிலில் கிடந்த குழந்தைகள் நெருப்பில் சிக்கியது, நடை பழகும் பிள்ளைகள் கொதிக்கும் பாத்திரத்தைத் தட்டிவிட்டது, வீட்டுக்குள் திரிந்த கோழி தணலைக் கிளறித் தொட்டிலுக்கே நெருப்பைக் கொண்டுபோனது, இவையெல்லாம் அவற்றில் இருக்கின்றனவாம். அம்மா கிணற்றுக்கோ வயலுக்கோ போன நேரத்தில் நடந்தவை. அழகான கூடம் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நான், அதன் பிறகு தரையைத்தான் பார்த்தேன்.

தரை! சாக்பீஸ் மாதிரி கல் என்று சொன்னேனே, அதை உடைத்துப் பரப்பி, இடித்து இறுக்கி, மேலே புளித்த பாலை ஊற்றிக் கெட்டிப்படுத்திய தரை இது. வெண்மையாக, வழவழவென்று இருக்கிறது.

"நாம சாணி போட்டு மெழுகற மாதிரி. எந்த ஊரா இருந்தாலும் கையில என்ன இருக்கோ அதை வச்சுத்தானே பொம்பளை வீட்டைச் சரி பண்றா" என்றார் சம்பந்தி அம்மா. குனிந்து தரையைத் தொட்டும் பார்த்தார்.

வார்த்தைகளில் ஒளிந்திருக்கும் வீடு

கூடத்தின் ஒரு ஓரத்தில் சாமான் அறைகள் இரண்டு இருப்பது வழக்கம். ஒன்று 'பான்ட்ரி'. பிரெஞ்சில் 'பான்' என்றால் ரொட்டி. ரொட்டி வைக்கும் அறை. இன்னொன்று 'பட்டரி'. வெண்ணெய் வைக்கும் இடம் என்றுதானே நினைப்போம்? இல்லை. 'பட்' என்றால் பீப்பாய். பானங்கள் வைக்கும் அறை அது. சாப்பாட்டு மேஜை என்று தனியாக எதுவும் கிடையாது. வேளைக்கு வேளை கால்களை நிறுத்தி, மேலே ஒரு பலகையைப் போடுவார்கள். பலகைக்கு ஆங்கிலத்தில் 'போர்டு'. நம் ஊர் ஹோட்டல் வாசலில் 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்று எழுதியிருக்கிறதே, அந்த போர்டு இந்தப் பலகைதான்.

ஜன்னலில் கண்ணாடி கிடையாது. கண்ணாடி பணக்காரர்களுக்கு. மரக் கம்பிகளும், காற்று அடித்தால் மூட மரப் பலகையும்தான். 'விண்டோ' என்ற சொல்லே 'காற்றின் கண்' என்று பொருள்படும் பழைய வடநாட்டுச் சொல்லிலிருந்து வந்ததாம். வெளிச்சம் வேண்டுமென்றால் குளிரையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்!

கூரையைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. கோதுமை வைக்கோலோ நீரில் வளரும் நாணலோ கொண்டு, கிட்டத்தட்ட ஒரு அடி கனத்துக்கு வேய்கிறார்கள். இரண்டாகப் பிளந்த சிறு மரக் குச்சிகளைக் கொண்டை ஊசி மாதிரி வளைத்துக் குத்தி நிறுத்துகிறார்கள். சரிவு செங்குத்தாக இருப்பதால் மழை உள்ளே இறங்குவதற்குள் வழிந்து ஓடிவிடும். தண்ணீர்த் தகரம் கிடையாது. கூரை விளிம்பே நன்றாக வெளியே நீண்டு, தண்ணீரைச் சுவரில் படாமல் தள்ளிக் கொட்டுகிறது. குளிரில் கதகதப்பு, வெயிலில் குளுமை. உச்சிப் பகுதியை மட்டும் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஒரே பயம் நெருப்புதான். லண்டனில் பெரிய தீ விபத்துக்குப் பிறகு 1212ம் ஆண்டிலேயே புதிதாக வைக்கோல் கூரை போடக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள்.

"என் காலம் வரைக்கும்..."

கூடத்தைச் சுற்றிப் பார்த்து முடித்ததும், அந்தப் பெண்மணி வீடு பிழைத்த கதையைச் சொன்னார்.

பாதிரியார்களுக்கு இந்த வீடு போதவில்லை. பிற்காலத்தில் வேறு இடம் போய்விட்டார்கள். ஏழைக் குடியானவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். கூரை ஒழுகியது, சுவர் பெயர்ந்தது. 1885ல், இதை வைத்துக்கொண்டு என்ன பயன் என்று இடித்துவிட முடிவாயிற்று. அப்போது இந்த வீட்டில் குடியிருந்தவர் ஒரு மூதாட்டி. அவர் கேட்டது ஒன்றுதான். "என் காலம் வரைக்கும் விட்டுவையுங்கள், இங்கேயே இருந்துவிட்டுப் போகிறேன்" என்ற வேண்டுகோள்.

கேட்டுக்கொண்டார்கள். 1888ல் அவர் காலமாகும் வரை வீட்டின் மேல் கடப்பாரை விழவில்லை.

அந்த மூன்று வருஷ இடைவெளிதான் வீட்டைக் காப்பாற்றியது. பிறகு வந்த பாதிரியார் பெய்னன், இது இடிக்க வேண்டிய வீடு இல்லை என்று நினைத்தார். பழைய கட்டடங்களைக் காப்பதற்காக 1877ல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய சங்கத்துக்கு எழுதினார். விஷயம் ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணியின் காதுக்குப் போனது.

இந்த ஆக்டேவியா ஹில்லை (1838–1912) நாம் தெரிந்துகொள்ள வேண்டும். லண்டன் ஏழைகளின் வீட்டுப் பிரச்சினைக்காகவே வாழ்ந்தவர். 1865ல், எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கொடுத்த பணத்தில் மூன்று பாழடைந்த வீடுகளை எடுத்து, கூரையும் சாக்கடையும் சரிசெய்து, நியாயமான வாடகைக்கு விட்டார். வாரா வாரம் வாடகை வசூலிக்கப் பெண்களையே பழக்கினார். வீட்டுக்குள் போய் நிலைமை தெரிந்துகொள்ளப் பெண்களால்தான் முடியும் என்பது அவர் நம்பிக்கை. அவரும் இன்னும் இருவரும் சேர்ந்து 1895ல் ஆரம்பித்ததுதான் 'நேஷனல் டிரஸ்ட்'. அதற்கு முதல் நிலத்தைக் கொடுத்ததும் ஒரு பெண், வேல்ஸ் நாட்டில் கடலோர மலைச்சரிவைத் தானம் செய்த ஃபேனி டால்பட். அது வாங்கிய முதல் வீடு, 1896ல், இதோ இந்த வைக்கோல் வீடு. விலை பத்து பவுண்டு!

அப்போது ஒரு பவுண்டு என்றால் ஒரு தங்க நாணயம். கிட்டத்தட்ட எட்டு கிராம் எடை. நம் நகைக்கடைகளில் எட்டு கிராமை 'பவுன்' என்று சொல்வது அந்த நாணயத்தை வைத்துத்தான். ஆக, பத்து பவுன் கொடுத்து ஒரு வீடு! ஆனால் வாங்கின விலை சின்னது, பழுது பார்க்கும் செலவுதான் பெரிசு. அதற்கு ஊர் ஊராக நன்கொடை கேட்டுத்தான் நிமிர்த்தினார்கள்.

இன்று அந்த டிரஸ்ட்டுக்கு ஐம்பது லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். மாளிகைகளும் கோட்டைகளும் கடற்கரைகளும் அதன் கையில் இருக்கின்றன. அதன் சின்னம் ஓக் இலை. கூடத்து உத்தரத்தின் ஓரத்தில் செதுக்கியிருக்கும் சிறிய ஓக் இலையைப் பார்த்துத்தான் அந்தச் சின்னம் வந்தது என்றும் சொல்லுவதுண்டு.

தோட்டத்து பெஞ்சில்

வெளியே வந்தோம். தோட்டத்தில் பூச்செடிகள், கீரைப் பாத்திகள். வேலிக்கு அப்பால் கக்மியர் ஆறு சத்தமில்லாமல் போகிறது. என் பெண் குழந்தைக்குப் பால் கொடுக்க ஒதுங்கி உட்கார்ந்தாள். நான் பையிலிருந்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். சம்பந்தி அம்மா பெஞ்சில் உட்கார்ந்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷம் காத்திருந்தாங்கன்னு சொன்னாங்க?" என்று கேட்டார்.

"மூணு வருஷம், சம்பந்தி அம்மா."

"மூணு வருஷம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கிழவி வாடகைக்கு இருந்தவ. கேட்டிருக்கா. நான் சொந்த வீட்டுக்காரி. எனக்குக் கேட்கணும்னு தோணவே இல்லை, பார்த்தீங்களா? கையெழுத்துப் போடுங்கன்னாங்க, போட்டேன்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. யாரையும் குற்றம் சாட்டவும் இல்லை. கணக்கில் விட்டுப்போன ஒரு வரியைக் கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார். எனக்குப் பதில் தெரியவில்லை. தட்டில் புளியோதரையை வைத்து நீட்டினேன். மாப்பிள்ளை சற்றுத் தள்ளி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். காமிராவை இறக்கிவிட்டு அப்படியே நின்றதைப் பார்த்தேன். கேட்டிருக்கிறார்.

திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. பாதி வழியில் மாப்பிள்ளை, ரோட்டைப் பார்த்தபடியே, "அம்மா, நம்ம வீட்டு நிலைக்கதவு வித்துடலை. சித்தப்பா வீட்டுக் கொட்டகையில்தான் இருக்கு. புது வீட்டுக்கு அதையே வைக்கச் சொல்லட்டுமா?" என்றார்.

"உசரம் பத்தாதுடா. இப்போ வாசல் எல்லாம் பெரிசா வைக்கிறாங்க."

"வாசலைச் சின்னதா வச்சுக்கலாம்மா."

சம்பந்தி அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி, கதவில் எந்த இடத்தில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார் என்று என் பெண்ணுக்கு வெகு நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். 'மூச்சு விட இடமில்லை' என்ற பேச்சு அன்றைக்கு எழவில்லை.

நீங்கள் போவதானால்...

பிள்ளைகளிடம் இங்கிலாந்து போகும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள். பிரைட்டனிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் ஆயிற்று எங்களுக்கு. குளிர்காலத்தில் இந்த வீடு மூடியிருக்கும் நாட்கள் உண்டு. திறந்திருக்கும் நாளும் நேரமும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். வசந்த காலம் தோட்டத்துக்கும் நல்லது, மூட்டு வலிக்காரர்களுக்கும் நல்லது. அந்தக் கால வாசல்கள் தாழ்வானவை; தலை ஜாக்கிரதை! கைக்குழந்தை இருந்தால் தள்ளுவண்டியைவிடத் தூக்கிக்கொள்வதே சௌகரியம். பக்கத்தில்தான் 'ஏழு சகோதரிகள்' என்ற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் கடலோரம் நிற்கின்றன. பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் பாறை விளிம்பு திடீரென்று பெயர்ந்து விழும். பிள்ளைகளை ஓரத்துக்கு விடவே விடாதீர்கள்.

நடு அடுப்பு எரிவதையே கண்ணால் பார்க்க ஆசையிருந்தால், அதே சஸ்ஸெக்ஸில் சிங்கிள்டன் என்ற ஊரில், பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிமிர்த்திய திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே 'பெய்லீஃப்' என்ற பண்ணை வீட்டின் கூடத்தில் நெருப்பு மூட்டிக் காட்டுவதுண்டு. புடவைத் தலைப்பில் புகை வாசனை ஒட்டிக்கொள்ளும், பரவாயில்லை.

இதெல்லாம் முடியாதவர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டில், அல்லது உங்கள் மாமியார் வீட்டில், பழைய இடம் ஒன்றை மாற்றவோ இடிக்கவோ பேச்சு நடக்கிறதா? அங்கே அதிக காலம் அடுப்பு மூட்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பல சமயம் அவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். "கொஞ்ச நாள் போகட்டும்" என்றுதான் சொல்லுவார்.